பிணத்துக்கு வசனம் கிடையாது

பிப்ரவரி 4, 2014

தபால்காரர்கள் நாலு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதே 1979 செப்டம்பரில் போப்பாண்டவர் எங்கள் அயர்லாந்துக்கு, கால்வே நகருக்கு வந்தாரே – அந்த வருஷம்தான் நான் முதன்முதலாக சினிமாப் படத்தில் நின்றேன். எங்கள் படகுத்துறையிலிருந்து ஐந்து பேரைப் பிடித்துப் போனார்கள். நானும் மாலகி டூஹியும் அதையே தொழிலாக்கிக்கொண்டோம். அவனுக்குப் பாதிரியார், போலீஸ்காரர் வேஷம். நான் மதுக்கடை மூலையில் உட்காருகிறவன், மாடு விற்கிறவன், சுடப்பட்டுச் சாகிறவன். எனக்கு எழுத்து தெரியாது. தங்கை ப்ரீஜ் வசனத்தை வாசிப்பாள். ஒரு தடவை கேட்டால் போதும், மனப்பாடம். இதையும் நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

இன்று டெர்வ்லா வந்தாள், அந்த டைரக்டர் பெண். சாவு வீட்டுக் காட்சியாம். தம்பியின் பிணத்தருகே அண்ணன் பேசும் பேச்சு, முழுசாக ஒரு பக்கம். எனக்கு ஒரு பக்கம் யாரும் தந்ததே இல்லை.

பிப்ரவரி 19

அண்ணன் வேஷம் மாலகிக்கு. நான் பிணம்.

"மாட்டேன்னு சொல்லுண்ணே. உசுரோட இருக்கையில கையில ஜெபமாலையச் சுத்திக்கிட்டுப் படுக்கிறது நல்லதுக்கில்ல," என்கிறாள் ப்ரீஜ்.

பிண வேஷத்துக்கு ஒத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எதற்கு? தெரியவில்லை. தெரியும்.

மார்ச் 10

ஒத்திகையில் மாலகி பாதியில் நின்றுவிட்டான். "இருமல்," என்றான். இருமவே இல்லை.

டெர்வ்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நாளைக்கும் இப்படின்னா அவரை அனுப்பிடுவேன். நீங்க பேசுவீங்களா, ஃபெஸ்டஸ்?"

பேசுவேன் என்றேன்.

மார்ச் 11

துக்கத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்களையே உட்காரவைத்திருந்தார்கள். நோரா கீனன் ஜெபமாலை தொடங்கினாள். ஒவ்வொரு ஜெபத்திலும் அவள் முன்பாதி சொல்ல, பின்பாதியைக் கூட்டத்தோடு சேர்ந்து பிணமும் சொல்லிவிட்டது. எண்பது வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா?

டெர்வ்லா நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். நோராவா நிறுத்துவாள்? "பத்து ஜெபம் முடியாம பாதியில எந்திரிக்கிறதா! பொறுத்துக்கம்மா."

முடிந்தபிறகு மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது வாக்கியத்தில் மாலகி நின்றான். அது நடிப்பு இல்லை. வாயை மூடிக்கொண்டு கிட, ஃபெஸ்டஸ், அந்தப் பக்கம் உனக்குத்தான் – இப்படி நினைத்தேன், நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கண்ணை ஒரு மயிரிழை திறந்தேன். சொந்த வீட்டுக்குள் வந்து வழி தெரியாமல் நிற்கிறவன் முகம்.

நெற்றியில் முத்தமிடக் குனிந்தான். உதடு அசையாமல் அடுத்த வாக்கியத்தை அவன் காதில் போட்டேன். நிமிர்ந்து, சொன்னான். திரும்பக் குனிந்தான். முத்தம், வசனம், முத்தம், வசனம். நோரா நிஜமாகவே அழுதாள். "இத்தனை முத்தம் குடுக்கணும்னு வேற யாருக்குத் தோணும்!" என்று டெர்வ்லாவும் கண்ணைத் துடைத்தாள்.

வெளியே வந்ததும் மாலகி என் சட்டையைப் பிடித்தான்.

"உன்னை யார்டா கேட்டா?"

"யாரும் கேக்கல."

"பொணம்னா பொணமாக் கெட!"

மார்ச் 12

பேசாமல் இருந்திருக்கலாம். ப்ரீஜ், இதை எழுதாதே.

எழுதிவிட்டாள்.

நவம்பர் 2, 2015

படம் வந்தது. மாலகிக்குப் பரிசாம். என் கிசுகிசுப்பு ஒலிப்பதிவில் விழுந்திருந்ததாம். இரைச்சல் என்று நினைத்து அழித்துவிட்டார்கள். மாலகி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஜூன் 18, 2017

ப்ரீஜ் பிடிவாதம் பிடித்ததால், மாலகியைச் சேர்த்திருக்கிற முதியோர் இல்லத்துக்குப் போய் அவனைப் பார்த்தேன். சன்னலருகே உட்கார்ந்திருந்தான்.

"உங்களை எங்கயோ பாத்திருக்கேன்," என்றான். என்னைப் போய் 'உங்களை' என்றான். "படத்துல நடிக்கிறவரோ?"

"சின்னச் சின்ன வேஷம்."

"எந்த ஊர்?"

சொன்னேன். முகம் மலர்ந்தது. "அந்தப் படகுத்துறையிலேர்ந்து முதல்ல படத்துக்குப் போனோமே, அந்தப் பசங்க எப்படி இருக்காங்க?"

கோல்மன் கடலில் மூழ்கிப் போனதைச் சொன்னேன். பாரிக் நுரையீரல் கெட்டுச் செத்தான், டாம் பாஸ்டனில் செத்தான் என்றேன். ஒவ்வொரு பேருக்கும் சிலுவைக்குறி போட்டான்.

"அப்போ ஒருத்தரும் மிச்சமில்லையா?"

"இருக்கான், ஒருத்தன். நல்லா இருக்கான்."

"யாரு?"

"மாலகி டூஹி," என்றேன்.