பத்தாவது சீரியல் செட்

நவம்பர் 12
அலங்கார விளக்குச் சட்டம் ஒன்றாம் தேதியே அமலுக்கு வந்துவிட்டது. உறுதி செய்தவர் எரிசக்தித் துறைச் செயலர். அரசிதழ் நகலும் கொடுத்தார். ஒரு பல்புக்கு 0.2 வாட்டுக்கு மேல் இழுக்கும் சீரியல் செட்டை இனி விற்கக் கூடாது.

கடைவீதியில் பத்துக் கடைகளில் பத்து செட் வாங்கி எங்கள் நாளிதழ் சார்பில் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். பத்தாவது, அண்ணன் கடை. “உனக்கெதுக்கு பில்லு? சும்மா தூக்கிட்டுப் போ” என்றான். பில் கேட்டு வாங்கினேன்.

நவம்பர் 19
முடிவு வந்தது. ஏழு தேறவில்லை. அண்ணனுடையதும் அதில் ஒன்று. பெட்டியில் 0.2, மீட்டரில் 0.5.

நவம்பர் 20
ஒன்பது கடை, ஆறு தேறவில்லை என்று செய்தி எழுதிக் கொடுத்தேன்.
முப்பத்தொரு வருட நிருபர் வேலையில் முதல் முறை — யாரிடம் சொல்லிக்கொள்கிறேன் இதை?

நவம்பர் 23
செய்தி வந்த மறுநாளே ஆறு கடைகளுக்கும் சீல். அதில் ஒருவர், அண்ணன் கடைக்கு எதிர்க்கடைக்காரர், போனில் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, எனக்கும் உங்கண்ணனுக்கும் ஒரே வண்டியிலதான் சரக்கு இறங்குச்சு. என் பெட்டி மட்டும் கரன்ட்டைக் குடிக்குதா?”

வேறு அழைப்பு வருகிறது என்றேன்.

“சரி விடு. என் வாடிக்கையெல்லாம் இப்ப அங்கதான் நிக்குது. நல்லா இருக்கட்டும்.”

நவம்பர் 24
ஒரு வரி ஓடவில்லை.

நவம்பர் 25
பத்தாவது அறிக்கையை ஆசிரியர் மேசையில் வைத்தேன்.
“யார் கடை?”
“எங்க அண்ணன்.”
அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “திருத்தம் நாளைக்கு முதல் பக்கம். நீங்களே எழுதுங்க.”
எழுதினேன். நான்கு வரி.

நவம்பர் 27
அண்ணன் கடைக்கும் சீல். போனேன். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

“பத்தொன்பதாம் தேதியே உனக்குத் தெரியுமா?”
“தெரியும்.”
“இருபத்திரண்டு வரைக்கும் சரக்கைத் திருப்பி எடுத்துக்கறேன்னான் சப்ளையர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அனுப்பிட்டிருப்பேன். பேப்பர்லயும் போடல, எங்கிட்டயும் சொல்லல. யாரைக் காப்பாத்தினே நீ?”

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். இப்போதும் அதே கேள்விதான் — யாரை?

டிசம்பர் 2
ஏழு கடைகளின் மறுபரிசோதனை முடிவு பதினொன்றாம் தேதி. சொன்னவர் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர். என் மீதான அலுவலக விசாரணை பதினாறாம் தேதி. கடைகளின் சீல் அகற்றக் கோரும் மனு இருபத்தொன்பதில் விசாரணைக்கு வருகிறது. கிறிஸ்துமஸுக்கு விளக்கு வாங்குகிறவர்கள் இருபத்து நான்கோடு வாங்கி முடித்துவிடுவார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டால் அண்ணிதான் எடுக்கிறார். “கடை திறக்கட்டும்மா, அப்புறம் பேசுவாரு” என்கிறார்.