சோத்தாங்கைப் பக்கம்

சேசு மரி சூசை

ரயில்வே ஆசுபத்திரி,
விழுப்புரம்,
4-2-1938

அன்பான ராஜாமணிக்கு,

சவுரிராயன் எழுதிக்கொண்டது. உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் படித்துவிட்டு, அழுகிறதாக இருந்தால் அழுதுவிட்டு, மீதியைப் படி.

எழுத்தைப் பார்த்து உன் வகுப்புப் பிள்ளை எவனோ எழுதினான் என்று நினைக்காதே. வலது கை முழங்கைக்கு மேலே ஒடிந்து மாவுக்கட்டில் இருக்கிறது. இது இடது கை எழுத்து. சின்ன வயதில் அம்மா கரண்டியால் அடித்தும் நான் விடாத கை இது. அதை இங்கே குட்ஸ் ஷெட்டு ஆட்கள் மெஸ்ஸில் சிரித்துச் சிரித்தே விட வைத்துவிட்டார்கள். போன வருஷம் முழுக்கச் சாப்பாடும் எழுத்தும் வலது கையால்தான். இப்போது பழையபடி ஆகிவிட்டேன். ஆசுபத்திரி ஆயா முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கஞ்சி கொடுக்கிறாள்.

கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற நம் கலியாண ஓலையை இரண்டாம் தரம் வாசித்ததைக் காது குளிரக் கேட்டுவிட்டுச் சைக்கிள் ஏறினவன், ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை பார். என்மேல் மோதின அந்தப் பிளசர் காரை ஓட்டிவந்த பெரியசாமி என்கிறவன்தான் என்னைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டான். ரயில்வேக்காரன் என்று நான் முனகினதைக் கேட்டு நேரே இங்கே கொண்டுவந்தான். வழியெல்லாம், "கண்ண மூடாத தம்பி, ஏதாச்சும் பேசிக்கினே வா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

போலீசார் வந்து கேட்டார்கள். நான் ரோட்டு ஓரமாகத்தான் போனேன், கார் வந்து மோதிவிட்டது என்று சொன்னேன். உங்கள் வீட்டிலிருந்து மாமாவும் முன்னாடியே வந்து அப்படித்தான் சொல்லச் சொன்னார். நிஜத்தில் சக்கரம் ஒரு கல்லில் ஏறித் திரும்பிவிட்டது. இது உனக்கு மட்டும்.

படுத்துக் கிடக்க முடியவில்லை. ஜங்ஷனில் எஞ்சின் கூவுகிறபோதெல்லாம் எழுந்து ஓட வேண்டும் போல இருக்கிறது. நீ கொடுத்த மல்லாட்டைப் பொட்டலம் ரோட்டிலேயே கடலை கடலையாகச் சிதறிப்போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

உன் அத்தான்,
சவுரிராயன்

*

சேசு மரி சூசை

திண்டிவனம்,
8-2-38

அன்புள்ள அத்தானுக்கு,

ராஜாமணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். யார் சுகமாக இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அப்பா என்னோடு பேசுகிறதில்லை. அம்மா பேசுகிறதை நிறுத்துகிறதில்லை. மூன்றாம் ஓலையை நிறுத்திவைக்கச் சொல்லி உங்கள் வீட்டிலிருந்து அத்தை ஆள் அனுப்பிவிட்டார்களாம்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அந்த இடத்தில் கல் ஏது? மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் போய்ப் பார்த்தேன். மல்லாட்டைத் தொலிதான் கிடந்தது. கல் இல்லை.

நீங்கள் நடு ரோட்டில் போனீர்கள். என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனீர்கள். பின்னால் கார் வந்தது. "அத்தான், சோத்தாங்கைப் பக்கம்" என்று நான் கத்தினேன். ஊருக்கெல்லாம் சோத்தாங்கை வலது கை. உங்களுக்கு மட்டும் இடது கை. கண்கட்டி விளையாடுகிறபோது நான் சோத்தாங்கை என்றால் நீங்கள் இடது பக்கம்தானே வருவீர்கள்? அந்த நினைப்பில்தான் கத்தினேன். இடது பக்கம் ஒதுங்குவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வலது பக்கம் திரும்பிக் கார் முன்னால் போய் விழுந்தீர்கள். ஏன் என்று இத்தனை நாள் விளங்கவில்லை. பயத்தில் தடுமாறினீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் கையை மாற்றிக்கொண்டது இந்தக் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது, அத்தான். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். நான் சமையற்கட்டில் இருப்பேன், எங்கே பார்த்தேன்? ஒரு வரி எழுதியிருக்கலாம் அல்லவா? எனக்குக் கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது. எது முந்தி என்று தெரியவில்லை.

கை ஒடிந்தது என் வார்த்தையால். கேஸ் போட்டிருப்பது பெரியசாமி பேரில். இது எந்த ஊர் நியாயம்?

ராஜாமணி

*

சேசு மரி சூசை

விழுப்புரம்,
15-2-38

அன்பான ராஜாமணிக்கு,

கல் என்று உன்னை நம்பச் சொன்னால் நம்ப வேண்டியதுதானே? வாத்தியாரம்மா வேலை பார்க்கப் போனதிலிருந்து உனக்கு எல்லாவற்றையும் திருத்தியாக வேண்டும்.

உனக்கு விளங்கிவிட்டது, அதனால் இனி மறைக்கவில்லை. நீ கத்தினது காதில் விழுந்ததும் மெஸ்ஸில் சாப்பிடுகிற கைப் பக்கம் திரும்பிவிட்டேன். நீ என் வார்த்தையைப் பேசினாய். நான் ஊர் வார்த்தையைக் கேட்டேன். இதில் குற்றவாளி யார்?

ஆனால் இதைக் கோர்ட்டில் சொல்ல முடியாது. கலியாணம் ஆகாத பெண் நடு ரோட்டில் நின்று கட்டிக்கப் போகிறவனைக் கூவிக் கூப்பிட்டாள், அவன் போய்க் காரில் விழுந்தான் என்று எழுதிக்கொள்வார்கள். ஏற்கனவே அம்மா, "ஓல வாசிக்கும்போதே ரத்தத்த பாத்தாச்சி, இந்தச் சம்மந்தம் வாணாம்டா" என்று தினமும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மாமா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உன் பேர் வெளியே வரக்கூடாது என்று. வந்தால் பெண் கிடையாது என்று சொல்லாமல் சொன்னார்.

நீ பேசாமல் இரு. பெரியசாமியை அவன் முதலாளி பார்த்துக்கொள்வார்.

கட்டுக்குள்ளே அரிக்கிறது. சொறிய வழியில்லை. நர்சம்மாளின் பின்னல் ஊசியைத் திருடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சவுரிராயன்

*

சேசு மரி சூசை

திண்டிவனம்,
3-3-38

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஓர் அம்மாள் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் என்று பேர். பெரியசாமியின் பெண்சாதி. முதலாளி பார்த்துக்கொள்வார் என்று எழுதினீர்களே, அவர் வேறு டிரைவர் வைத்துவிட்டார். இவர்கள் இப்போது கெடார் பக்கம் கேப்பை அறுக்கக் கூலிக்குப் போகிறார்கள். தண்டனை ஆனால் லைசென்சும் போய்விடும்.

அப்பா எழுந்து, "கேசப் பத்தி இங்க ஒண்ணும் பேசக்கூடாது, போம்மா" என்றார். அவள், "கேசு பேச வரலீங்க. அந்தத் தம்பிக்குக் கை கூடிச்சான்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு" என்றாள். அவ்வளவுதான். கூடிவருகிறது என்று நான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வெயிலில் நடந்து போய்விட்டாள். அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகிறேன், மொள்ளாமல் திரும்பி வருகிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு "இது சோத்தாங்கை, இது பீச்சாங்கை" என்று சொல்லிக்கொடுக்கிற பாடத்தைத் தள்ளிக்கொண்டே போகிறேன். ஏன் என்று பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் கேட்டுவிட்டார்கள்.

கோர்ட்டில் வேதப் புத்தகத்தைத் தொடச் சொல்வார்கள். அதைத் தொட்டுவிட்டு ஓரமாகப் போனேன் என்று சொல்லிவிடுவீர்களா? சொன்னால் நான் ஒன்று செய்வேன், இப்போதே எழுதிவிடுகிறேன். தவக்காலம் முடிந்து பாஸ்கா கழித்து மூன்றாம் ஓலை வாசிக்கும்போது, "தடை தெரிந்தவர்கள் சொல்லவும்" என்று சாமியார் கேட்பார் அல்லவா? பெண்கள் பக்கத்திலிருந்து நானே எழுந்து சொல்வேன்.

என் பேர் கெட்டால் கெடட்டும். கெட்ட பேரோடு உங்களோடு குடும்பம் நடத்த என்னால் முடியும். அந்த அம்மாள் முகத்தை வைத்துக்கொண்டு முடியாது.

ராஜாமணி

*

விழுப்புரம்,
14-3-38

ராஜாமணிக்கு,

சம்மன் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் திண்டிவனம் கோர்ட்டு. கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை இருக்கிறது, ஆனால் தோளுக்கு மேலே தூக்க வரவில்லை.

கோயிலில் எழுந்து நிற்பேன் என்று மிரட்டுகிறாயா? போலீசில் ஒன்று சொல்லிவிட்டு இப்போது மாற்றினால் நான் பொய்யன். மாற்றாவிட்டால் நீ இல்லை. மாற்றினாலும் மாமா உன்னைத் தரமாட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கார் வருகிறது. கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

சவுரிராயன்

*

சேசு மரி சூசை

விழுப்புரம்,
31-3-38

அன்பான ராஜாமணிக்கு,

ஊர் வாயிலிருந்து உனக்கு இதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும். என் வாயாலும் கேட்டுக்கொள்.

கூண்டில் ஏறுகிறவரைக்கும் பழைய வாக்குமூலத்தையே சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். மாமா முன்னால் உட்கார்ந்திருந்தார். பெரியசாமி எதிரே நின்றான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். கட்டு இல்லை என்று கண்டதும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கோர்ட்டுச் சேவகன் வேதப் புத்தகத்தை நீட்டினான். நான் தூக்க முடிகிற கையை நீட்டினேன். "இன்னாய்யா, சாமி பொஸ்தகத்தப் போய் பீச்சாங்கையால தொடுற? சோத்தாங்கையால தொடு" என்று அதட்டினான். எனக்கு உன் குரல்தான் கேட்டது. அங்கேயும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன். பிறகு, "எனக்கு இதுதாங்க சோத்தாங்கை" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. அது எப்படி என்று கேட்டார். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. அம்மாவின் கரண்டியில் ஆரம்பித்து, கண்கட்டு விளையாட்டு, மெஸ், எல்லாம் சொன்னேன். உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடு ரோட்டில் போனதைச் சொன்னேன். நீ கத்தினதையும் உன் பேரையும் சொன்னேன். போலீசில் பொய் சொன்னதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெரியசாமியை விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவன் என் கையைத் தூக்கிப் பார்த்து, "வெளக்கெண்ண போட்டு உருவிக்கினே இரு தம்பி, வந்துடும்" என்றான். மாமா என்னைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

இத்தனை நாளுக்குப் பிறகு நேற்று அசந்து தூங்கினேன். காலையில் எழுந்ததும் மறுபடியும் தவிப்பு வந்துவிட்டது. உனக்கு மாமா என்ன செய்கிறாரோ என்று. ஒரு வரி போடு.

உன் அத்தான்,
சவுரிராயன்

*

சேசு மரி சூசை

திண்டிவனம்,
24-4-38

அன்புள்ள அத்தானுக்கு,

எழுதாதே என்று சொன்னவரைக் கொஞ்ச நாள் காக்க வைத்தேன். உங்களுக்கு அது வேண்டியதுதான்.

தெருவில் என்னைப் பார்த்தால், "சோத்தாங்கை வருதுடி" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். முதலில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது யார் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். சொன்னவர்கள்தான் உள்ளே போகிறார்கள்.

அப்பா பாஸ்கா வரைக்கும் பேசவில்லை. ஓலையைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போன வாரம் அத்தைதான் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்தார்கள். அப்பாவிடம், "எம்புள்ள ஊரறிய இவ பேரச் சொல்லிட்டான். இனிமே இவள வேற எவன் கட்டுவான்? ஓலைய வாசிக்கச் சொல்லுடா" என்று சண்டை பிடித்தார்கள். சம்பந்தம் வேண்டாம் என்ற அதே அத்தை.

இன்று பூசையில் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லவும் என்று சாமியார் நிறுத்தினபோது அப்பா இருமினார். கோயிலே திரும்பிப் பார்த்தது. எனக்கு உயிர் போய்விட்டது. வெறும் இருமல்தான். நான் எழுந்து நிற்கவில்லை, அத்தான். எனக்குத் தெரிந்து ஒரு தடையும் இல்லை.

மல்லாட்டை வறுத்து வைத்திருக்கிறேன். சைக்கிளில் வராதீர்கள் என்று சொல்லமாட்டேன். திரும்பிப் பார்க்காமல் வாருங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. கலியாணத்தன்று கோயிலில் மந்திரிக்கிறபோது வலது கையைப் பிடிக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது தூக்க வராதே என்று சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அவனுக்கு எது சோத்தாங்கையோ அதக் குடுக்கச் சொல்லும்மா" என்றார்.

இப்போது எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள் என்று உடனே எழுதுங்கள். இனிமேல் கை மாறினாலும் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உங்கள்,
ராஜாமணி