ஸ்பிளிட்டர் வேற, ஸ்விட்சர் வேற

குற்றாலத்து மண்டபத்தில் நிக்காஹ் பதினொரு மணிக்கு. மூன்று கேமரா வைத்துப் பெரிய திரையில் காட்ட, வீடியோ எடுக்கும் சாஜிதா ஒப்புக்கொண்டிருந்தாள். பழைய ஸ்விட்சர் பழுதாகிவிட்டதால், துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த கணவன் யஹ்யாவை முந்தின நாள் தென்காசிக் கடைக்கு அனுப்பினாள். அவன் வாங்கி வந்ததோ ஸ்பிளிட்டர். "ரெண்டும் ஒண்ணுதானட்டி, நாலு ஓட்டை இருக்குல்லா?" என்று அவன் சொன்னதில் சண்டை பிடித்துக்கொண்டது.

காலையில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பாமல், ஸ்பிளிட்டர் பெட்டிமேல் ஒரு சீட்டை ஒட்டினாள்.

"மச்சான், ரெண்டும் ஒண்ணு இல்ல. ஸ்பிளிட்டர்ல ஒரு படம் உள்ள போயி நாலு டிவிக்குப் பிரியும். ஸ்விட்சர்ல நாலு கேமரா வரைக்கும் உள்ள வரும், நான் அமுக்குத ஒண்ணு மட்டும் திரைக்குப் போவும். ‘இன்புட் நாலு, அவுட்புட் ஒண்ணு’ன்னு கடையில அப்படியே சொல்லுங்க. ஒம்பதுக்குத் தொறப்பாக. மாத்திட்டு நேரா மண்டபத்துக்கு வாங்க. இடியாப்பம் அடுப்படியில மூடியிருக்கு. சாவிய பக்கத்து வீட்டு மெஹர் பானு மாமிட்ட குடுங்க."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் மிஞ்சியிருந்த இடுக்கில் எழுதினாள்: "நேத்து தெருவுக்கே கேக்க கத்துனது என் தப்பு. ஆனா நீங்க வாங்குனது ஸ்பிளிட்டர்தான்."

பத்து மணிக்கு முன்பே சாரலில் தொப்பலாக நனைந்து யஹ்யா வந்தான். கையில் சரியான பெட்டி.

"கடை தொறக்கதுக்கு முந்தியே போயி நின்னுட்டேன்," என்றான்.

அவள் பெட்டியை வாங்கவில்லை. "மொதல்ல தலையத் துவட்டுங்க," என்று துண்டை நீட்டினாள்.