பேச்சியம்மாவின் பெயருக்கு முன்னால்

ஹட்டன்
04.06.2024

அன்புத் தம்பி இர்ஷாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகளின் இருமல் விட்டதா? நீ போனில் கூப்பிட்டால் நான் பதில் சொல்லமாட்டேன். பேச்சில் என்னை மடக்கிவிடுவாய். எழுது.

நாம் இருவரும் செய்த ஆப் இங்கே எதற்குப் பயன்படுகிறது என்று உனக்குத் தெரியும். சாவு வீட்டில் யாராவது மரண அறிவித்தலைப் போனில் பேசி அனுப்புவார்கள். ஆட்டோவில் கட்டிய லவுட்ஸ்பீக்கர் பெட்டியில் எம்பி3 மட்டும்தான் ஓடும். அதனால் அந்தக் குரல் பதிவை நம் ஆப்பில் எம்பி3 ஆக மாற்றி, பென்டிரைவில் போட்டு, தோட்டத்து வீடுகள் கேட்க லயம் லயமாகப் போவார்கள்.

வெள்ளிக்கிழமை பூண்டுலோயாவில் நல்லமுத்துவின் தாய் பேச்சியம்மா மௌத்தானார். அவசரத்தில் யாரும் ஒருமுறை போட்டுக் கேட்காமலே ஆட்டோவை எடுத்துவிட்டார்கள். முதலில் ஒருத்தி கலகலவென்று சிரித்து, "மாத்திக்கோ, மகிழ்ந்துக்கோ!" என்றாளாம். பிறகுதான் அறிவித்தல்.

நல்லமுத்து என் கடைக்கு வந்து, "எங்கம்மா பேருக்கு முன்னால சிரிக்கிறவ யாருக்கா? எழவு வீட்டுக்கு நீங்க அனுப்பின ஆளா?" என்று கேட்டான்.

நாம் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிற கோடில் அந்தச் சிரிப்பு இல்லை. ப்ளே ஸ்டோர் கணக்கு உன் பெயரில் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

இப்படிக்கு,
ராத்தா கமறியா

கொழும்பு
09.06.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நல்லமுத்துவிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள். ஆனால் அது ஆப் மாற்றுகிறவற்றின் முன்னால் நான் சேர்த்த இரண்டு விநாடி விளம்பரம்தான். ஒரு கம்பனி ஆப்பை வாங்க வருகிறது. நம் கோட் இனி யாருக்கும் திறந்திருக்கக் கூடாது, மூடு என்கிறார்கள். பெரும்பகுதி நீங்கள் எழுதியது என்பதால் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் ராத்தா சும்மா கொடுக்கிறார்கள்? யூடியூப் பார்த்துக் கோட் எழுதப் படித்தீர்கள், சந்தோஷம். வியாபாரத்தை என்னிடம் விட்டுவிடுங்கள். வீம்பு வேண்டாம்.

அன்புடன்,
இர்ஷாத்

ஹட்டன்
18.06.2024

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். யூடியூப் பார்த்துப் படித்தவள்தான். இரண்டு சட்டி அடிப்பிடித்துக் கருகியது, கோட் ஓடியது. வீம்பு என்கிறாய். வீம்பில்லாமல் ஐம்பத்தெட்டு வயதில் யார் இதைப் படிப்பார்?

என் பெயரிலேயே கணக்குத் திறந்து, சிரிப்பில்லாத ஆப்பைப் போட்டுவிட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் உன்னுடையதை அழிக்கச் சொல்கிறேன். கருமாதிக்கு ஊரைக் கூப்பிட நல்லமுத்து என்னுடையதில்தான் மாற்றினான். இந்தத் தடவை கடை வாசலில் வைத்தே போட்டுக் கேட்டோம். முதல் சத்தமே பேச்சியம்மாவின் பெயர். "இப்பத்தான்க்கா எங்கம்மா மாதிரி இருக்கு" என்றான்.

அந்தக் கோட் வேண்டுமானால் நீயும் எடுத்துக்கொள், கம்பனியும் எடுக்கட்டும். மாற்றினால் மாற்றியதை எல்லாருக்கும் திறந்து காட்ட வேண்டும். முதல் நாள் நாம் இருவரும் சேர்ந்து வைத்த நிபந்தனை அது. மூட விடமாட்டேன். ஆப்பைச் செய்தவர்கள் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கவில்லை. நீ எழுதியது நீ எழுதியதுதான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வரவில்லை. வட்டிலப்பம் மிஞ்சிப்போனது.

பத்திரம் நல்ல கனமான தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது, வீணாக்க மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன். முன்பக்கம் நீ அனுப்பியபடியே இருக்கிறது. என் கையெழுத்து இந்தப் பக்கம்.

கமறியா