பங்குக் கிணற்றில் ஒரு கவர் சிவப்பு

அக்டோபர் 23, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். லீவு விடுற அளவுக்கு இல்லை, நனையுற அளவுக்கு மட்டும்.

செய்ய வேண்டியவை:
1. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு.
2. அல்லது, ரெக்கார்டு எழுதாததுக்கு ஒரு நல்ல காரணம்.

சாயங்காலம் ஊட்டுக்கு வந்தா வாசல்ல ஒரு மீசை. அதுக்குப் பின்னாலதான் ஆள். ஏதோ ஒரு சாயப்பட்டறையோட ஏஜெண்டாம். அந்த மீசையை லீசுக்கு விட்டாலே நல்ல வாடகை வரும். ஆனா அவர் எங்ககிட்ட லீசு கேட்டு வந்திருக்கார்.

கேக்கறது ரெண்டு. ஒண்ணு, எங்க போர் தண்ணியை லாரில எடுத்துக்குவாங்க. ரெண்டு, அவங்க பட்டறைல மிஞ்சுற தண்ணியை எங்க பழைய கெணத்துல கொண்டாந்து ஊத்துவாங்க. மூணு வருசத்துக்கு.

"ஆத்துல விடக்கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லிப்போட்டாங்கண்ணா. அதனால மிஷின் வெச்சு வடிகட்டறோமுங்க. நல்ல தண்ணி நமக்கு. மிச்சம் கொஞ்சூண்டு ரிஜெக்ட்டு வருமுங்க. தினம் ஏழெட்டு லாரி. அவ்வளவுதானுங்க."

அவங்களே ரிஜெக்ட் பண்ணினதை எங்க கெணறு மட்டும் அக்செப்ட் பண்ணணுமாம்.

அப்பாவுக்கு ஆசைதான். களை வெட்ட ஆள் கூப்பிட்டா ஊரே பனியன் கம்பெனிக்குப் போயிருச்சு. ஊரென்ன, எங்கம்மாவே அங்கதான், செக்கிங்ல. காடு பாதி சும்மா கெடக்குது.

ஆனா பழைய கெணறு பங்குக் கெணறு. பாதி அப்பாவுது, பாதி பெரியப்பாவுது. (இனிமேல் பெ.பா. கை வலிக்குது.) அதுல குடியிருக்கறது இப்ப புறாக்கள் மட்டும். அதுககிட்ட கையெழுத்து வேண்டாம், பெ.பா. கையெழுத்து வேணும். பெ.பா.வும் அப்பாவும் பேசி ரெண்டு வருசம் ஆச்சு. கம்பி வேலியை ஒரு முழம் தள்ளி நட்டது யாருன்னு சண்டை. மீசையே பள்ளத்துத் தோட்டத்துக்குப் போய் அவரைக் கூட்டிட்டு வந்துட்டார். அம்மா நல்ல டம்ளர்ல காப்பி.

பெ.பா. கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங்க, ஊத்தற தண்ணி என்ற கெணத்துக்கு வந்துருமா?"

"பாறைக் கெணறுங்கண்ணா. ஊத்துனா ஊத்துன எடத்துல கெடக்கும். உங்க கெணத்துல ஒரு சொட்டு வந்தா இந்த மீசையை எடுத்துக்கறேனுங்க."

கேக்க வேண்டிய கேள்விதான். பெ.பா. கெணறு எங்களுதுக்குக் கீழ்ப்பக்கம். நல்ல தண்ணி. எங்க வரிசை ஊடு பூராவும் அங்கிருந்துதான் குடத்துல எடுக்குது. பஞ்சாயத்துக் கொழாய்த் தண்ணில பருப்பு வேகாது, பாயாசம் வெச்சாலும் ரசமாட்ட இருக்கும்.

வெள்ளிக்கெழமை கெணத்தைப் பாக்கறது, திங்கக்கெழமை கையெழுத்து. முடிவாயிருச்சு.

எல்லாரும் போனப்புறம் அப்பா அம்மாகிட்ட: "அண்ணன் காப்பியை மிச்சம் வெக்காமக் குடிச்சாரு, பாத்தியா?" லீசைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 24, புதன்

மேகமூட்டம். கணக்கு டெஸ்ட். மார்க்கும் மேகமூட்டம்தான்.

மீசைக்கு முனியப்பன்னா பயம். நேத்து முனியப்பன் கல்லுகிட்ட வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டதை நானே பாத்தேன். அதனால திட்டம்: வெள்ளிக்கெழமை அவர் எட்டிப் பாக்கறப்ப கெணத்துத் தண்ணி ரத்தச் செவப்பா இருக்கணும். நான் பக்கத்துல நின்னு மெதுவா, "முனி கோவமா இருக்குதுங்க" சொல்லணும். மீசை துடிக்கறதைப் பாக்கணும். லீசைக் கெடுக்கணும்னெல்லாம் இல்லை. துடிக்கற மீசை, அவ்வளவே.

என் கிளாஸ் ஜெபா உதவி. அவ அப்பா ஒரு பட்டறைல சாயம் கலக்கறவர். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். மிச்சமான செவப்புப் பொடி ஒரு கவர், காப்பித்தூள் கவர் அளவு, டிபன் பாக்ஸ்ல வெச்சுக் கொண்டாந்தா.

"ஏட்டி, கையில பட்டா லேசுல போவாது, சொல்லிட்டேன். எங்கப்பாக்குத் தெரிஞ்சுதுன்னா என்னைய வெட்டிப் பொலி போட்டுரும்."

"உங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியும்ட்டி."

பள்ளிக்கூடம் விட்டு நேரா கெணறு. அடியில முழங்கால் ஆழத்துக்குத் தண்ணி. கொட்டினேன். அடேயப்பா! ஒரு நொடி பாறையே வெத்தலை போட்ட மாதிரி. ஆனா காத்துல பொடி பறந்து வலது கையில மூணு விரல் செவப்பு. சோப்பு, புளி, மண்ணெண்ணெய், ஒண்ணுக்கும் அசையல. பொய் சொன்னா சாயம் வெளுத்துப் போகும்னு சொல்லுவாங்க. இது வெளுத்தாத்தான் என்னால பொய் சொல்ல முடியும்.

ராத்திரி சாப்பிடறப்ப அம்மா: "கையில என்ன கண்ணு?"

"மருதாணிம்மா."

அம்மா பொழுதுக்கும் கம்பெனில பனியன்ல கறை இருக்கான்னு பாக்கறவங்க. விரலைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. இன்னொரு தோசை வெச்சாங்க. திட்டியிருந்தாப் பரவாயில்லை.

அக்டோபர் 25, வியாழன்

பேய் மழை.

மிஸ்: "ரெக்கார்டு எங்கே?" "நனைஞ்சிருச்சுங்க மிஸ்." "ரெக்கார்டா, நீயா?" "ரெண்டுமுங்க மிஸ்." வெளியே நின்னேன். அங்க நெசமாவே நனைஞ்சேன்.

அக்டோபர் 26, வெள்ளி

எனக்கு வயித்துவலி. (மீசை வர்ற நேரத்துக்குச் சரியாப் போச்சு.)

மீசை, அப்பா, பெ.பா., பின்னால நான். எட்டிப் பாத்தா செவப்பே இல்லை! கலங்கின தண்ணி கொஞ்சம், அதுவும் கணுக்கால் அளவுதான். நேத்து அத்தனை மழை பேஞ்சும்.

மீசைக்கு ஒரே சந்தோசம். "பாருங்கண்ணா! இத்தனை மழைக்குப் பொட்டுத் தண்ணி நிக்குதுங்களா? அத்தனையும் குடிச்சுப்போடுச்சு. எத்தனையோ கெணறு பாத்திருக்கேன், இப்படி ஒரு குடிகாரக் கெணத்தை இப்பத்தானுங்க பாக்கறேன்."

சொல்ல வந்ததை விடுவானேன்னு, "முனி கோவமா இருக்குதுங்க" சொன்னேன். மீசை பாக்கெட்ல இருந்து ஒரு சாக்லேட் எடுத்துக் குடுத்தார். அவருக்குத் தண்ணி காட்டப் போனேன், கெணறு எனக்குக் காட்டிருச்சு.

குடிச்சதெல்லாம் எங்கதான் போகும்? குடிச்சவங்க எல்லாம் எங்க போய் விழறாங்களோ அங்கதான். பள்ளத்துல.

அக்டோபர் 27, சனி

வெயில். பெரியம்மா சத்தம் எங்க சமையக்கட்டு வரைக்கும்.

நாளைக்கு வெள்ளகோவில்ல கல்யாணம். பெ.பா.வோட பட்டுக்கரை வேட்டியை சோடா உப்பு போட்டு ஊற வெச்சிருக்காங்க. எடுத்தா ரோஸ். துண்டு ரோஸ். ரெண்டு பனியன் ரோஸ். தண்ணி எடுக்க வந்தவங்க குடத்தோட நின்னுட்டாங்க. குடத்துக்குள்ள பாத்தா ஒண்ணும் தெரியல. வெள்ளை பக்கெட்ல ஊத்தினா லேசா ரோஜாப்பூ.

பெ.பா. ஈர வேட்டியோட வேலியைத் தாண்டி வந்தார். ரெண்டு வருசமா தாண்டாத வேலி.

"டேய். கையெழுத்துக்கு முந்தியே லாரியை உட்டுட்டியா?"

"இல்லீங்கண்ணா. சத்தியமா இல்லீங்க."

"அப்ப என்ற ஊட்டுக்காரி குங்குமத்தைக் கரைச்சு ஊத்துனாளா? அன்னைக்குக் காப்பியைக் குடுத்துக் குளிரப் பண்ணி, இந்தப்பக்கம் லாரியை உட்டிருக்கே. நீ திருந்தவே மாட்டே."

அப்பா மீசைக்குப் போன் போட்டுக் கத்தினார். அவர் அந்தப்பக்கம் ஊரு சாமி எல்லாத்து மேலயும் சத்தியம் பண்றது வெளிய வரைக்கும் கேட்டுது. அப்பா நம்பல. பெ.பா. ரெண்டு பேரையும் நம்பல.

நான் கையை தாவணிக்குள்ள.

யோசிச்சுப் பாத்தா நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை. லீசு தானா முறிஞ்சிரும். கெணறு தப்பிச்சிரும். பழி மீசை மேல. ஒண்ணும் செய்யாம இருக்கறது எனக்கு நல்லா வரும், ரெக்கார்டு நோட்டே சாட்சி.

அப்பா மத்தியானம் சாப்பிடல. ராத்திரியும்.

அக்டோபர் 28, ஞாயிறு

வெயில். பெ.பா. மாட்டுப் பாலை எட்டிப் பாத்தேன். வெள்ளைதான். நிம்மதி.

பெ.பா. கல்யாணத்துக்குப் போகல. மோட்டாரைப் போட்டுக் கெணத்தை எறைச்சுட்டே இருக்கார். வரிசை ஊட்டுக்காரங்க எல்லாம் பஞ்சாயத்துக் கொழாய்ல. எங்க ஊட்டுலயும் அந்தத் தண்ணிதான். பருப்பு கல்லாட்ட நிக்குது.

"கூடப் பொறந்த தம்பியே இப்படிப் பண்ணிட்டானாமா" கொழாய்கிட்ட ஒருத்தி இன்னொருத்திகிட்ட. என்னைப் பாத்ததும் வெயிலைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

அம்மா வேகாத பருப்பைக் கடைஞ்சுட்டே, திரும்பாம: "மத்தவங்களுக்கு மருதாணி மங்கும். உனக்கு மட்டும் அப்படியே இருக்குது."

நான் விரலை மடக்கிக்கிட்டேன்.

"நாளைக்கு அந்தாளு வருவாரு. உங்கப்பனைத் திருடன்னு சொல்லிட்டுத் திரியறாங்க. நான் சொல்லமாட்டேன் கண்ணு. நீயே பாத்துக்க."

தூக்கம் வரல. எதுவும் எழுதவும் வரல. அவ்வளவுதான்.

அக்டோபர் 29, திங்கள்

சொல்லிட்டேன்.

வரிசையா எழுதறேன். மீசை பத்திரத்தோட வந்தார். பெ.பா.வும் வந்தார், கேட்டுத் தெரிஞ்சுக்க இல்லை, சண்டை போட. மீசை கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன்னு நிக்கறார். பெ.பா. அப்பாவைப் பாத்துக் கையை நீட்டறார். அப்பா தலை குனிஞ்சு நிக்கறார். அப்பா தலை குனிஞ்சு நான் பாத்ததே இல்லை, என் ரேங்க் கார்டைப் பாக்கறப்பத் தவிர.

தாவணிக்குள்ள இருந்து கையை எடுத்து நீட்டினேன். "லாரி இல்லீங்க பெரியப்பா. நான்தான். புதன்கெழமை பழைய கெணத்துல ஒரு கவர் கொட்டினேன். இவரைப் பயமுறுத்த."

காக்கா கத்தறது கேட்டுது.

மொதல்ல உயிர் வந்தது மீசைக்கு. "பாத்தீங்களாண்ணா! கொழந்தை வெளையாட்டு! எங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு ஆயிருச்சுங்களா? போடுங்க கையெழுத்தை."

அப்பா கை ஓங்கினார். அடிக்கல. பெ.பா. என் விரலையே பாத்துட்டு இருந்தார்.

"எத்தாச்சோடு கவரு அம்மிணி? சின்னதா, பெருசா?"

"காப்பித்தூள் கவருங்க."

"புதன்கெழமை." விரல் விட்டு நாளை எண்ணினார். அப்புறம் மீசை பக்கம் திரும்பினார். "ஒரு காப்பித்தூள் கவரு சனிக்கெழமைக்குள்ள என்ற கெணத்துக்கு வந்துருச்சு. நீங்க தினம் ஏழெட்டு லாரின்னீங்க."

"அது சாயமுங்கண்ணா. எங்களுது வெறும் உப்புத் தண்ணி. கலரே இருக்காதுங்க."

அப்பா ரெண்டு நாளைக்கப்புறம் வாயைத் தொறந்தார். "கலரு இருந்தங்காட்டி கண்ணுக்குத் தெரிஞ்சுது. இல்லைன்னா கெணறு முழுக்க உப்பாகி, தென்னை காஞ்சப்புறந்தான் எங்களுக்குத் தெரியும்."

மீசை பத்திரத்தைச் சுருட்டினார். பெ.பா. சிரிக்காம: "ஏனுங்க, மீசை?"

அவர் காப்பி தொடைக்கற மாதிரி வாய் மேல கையை வெச்சுட்டு வண்டியை எடுத்தார். காப்பியே இன்னும் வரல.

அப்புறந்தான் அம்மா கொண்டாந்தாங்க. பெ.பா. ஒரு டம்ளரை எடுத்து அப்பா பக்கம் தள்ளினார். "ஆறுது. குடி." மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் இல்லை. ரெண்டு பேரும் வேலியைப் பாத்துட்டே குடிச்சாங்க.

எனக்குத் தண்டனை: வேட்டி வெள்ளை ஆகற வரைக்கும் நான்தான் தொவைக்கணும். அதாவது ஆயுள் தண்டனை.

அக்டோபர் 30, செவ்வாய்

தூறல். வேட்டி: நேத்து ரோஸ், இன்னைக்கும் ரோஸ்.

ஜெபாகிட்ட எல்லாம் சொன்னேன். "எம் பேரைச் சொன்னியாட்டி?" இல்லைன்னேன். உண்மைதான், ஆச்சரியமா.

சாயங்காலம் பாத்தா மீசையோட வண்டி மேட்டுத் தோட்டத்து வாசல்ல. ராசு மாமா தோட்டம். அவர் கெணறு எங்க ரெண்டு கெணத்துக்கும் மேல. அங்க ஊத்தினா எங்களுக்கும் சேத்துத்தான்.

அப்பாவும் பெ.பா.வும் போய்ப் பேசிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு வந்தாங்க. "உங்களுக்கு லீசு போயிருச்சுன்னு எனக்கும் வரக்கூடாதா"ன்னு கேட்டாராம். பாறைக் கெணறாம். ஊத்துனா ஊத்துன எடத்துல கெடக்குமாம்.

நான் கல்லுல வேட்டியை அடிச்சுட்டு இருந்தேன். அப்பா வந்து நின்னார். செருமினார்.

"அம்மிணி. அந்தக் கவரு... இன்னொண்ணு கெடைக்குமா?"

நான் வேட்டியைக் கீழ போட்டுட்டேன்.

"திருட்டுத்தனமா இல்லை. ராசு கையிலயே குடுக்கறோம். அவரே அவர் கெணத்துல கொட்டட்டும். எங்க வந்து நிக்குதுன்னு அவரே வந்து பாக்கட்டும்."

வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து பெ.பா.: "செவப்பு வேண்டாம்னு சொல்லுடா. இருக்கற ஒரு வேட்டியும் போயிரும்."

பச்சை இருக்கான்னு ஜெபாகிட்டக் கேக்கணும்.