நீல உடுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் மனைவியும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் இடையில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கூப்பிடு.

அப்பா இருக்கிற முதியோர் இல்லத்திலேயே எனக்கு இரவு மேற்பார்வையாளர் பதவி கிடைத்ததும், இனிமே நீ அதிகாரி, பார்த்தாலே பயமா இருக்கு என்று கேலி செய்தாயே. அப்பா விஷயத்தில் அது பலித்துவிட்டது. இங்கே நர்சுக்கு வெள்ளை உடுப்பு, மேற்பார்வையாளருக்கு நீலம். நான் மகள் என்பது அவருக்கு எப்போதோ மறந்துவிட்டது. ஆனாலும் வெள்ளை உடுப்பில் போய்த் தாடையைத் தடவி, முழுங்குங்கப்பா என்று நான் சொன்னால் முழுங்குவார். மற்றவர்கள் ஊட்டினால் துப்பிவிடுவார்.

நீலத்தில் போன முதல் நாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, நான் ஒண்ணும் எடுக்கலம்மா, விட்டுடுங்க என்று என்னைக் கும்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பிறகு பழைய வெள்ளை உடுப்பைப் பணியிட அலமாரியில் வைத்துக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அதை மாட்டிக்கொண்டு அவருக்கு ஊட்டிவிட்டு, நீலத்துக்கு மாறிக்கொள்வேன்.

போன வாரம் அப்படி ஊட்டிக்கொண்டிருந்தபோது மேல்மாடியில் ஒரு வயதான தையற்காரருக்குச் சளி அடைத்து மூச்சுத் திணறியிருக்கிறது. புதிதாக வந்த நர்சுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் செல்போன் நீல உடுப்பின் பையில், அலமாரிக்குள் அடித்துக்கொண்டிருந்தது. தேடி ஓடிவந்தவள் அப்பாவின் அறையையும் எட்டிப் பார்த்திருக்கிறாள். வெள்ளை முதுகு தெரிஞ்சதுக்கா, வேற யாரோன்னு போயிட்டேன் என்று அழுதாள். நான் மேலே போனபோது அவர் உயிர் அடங்கியிருந்தது. அவர் மகளுக்கு நான்தான் போன் செய்தேன். அப்பா கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

வெள்ளை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், இந்தப் பதவியில் இருக்கும்வரை அதை மறுபடி மாட்டத் துணிவில்லை. அன்றிலிருந்து அப்பா ஒரு வாய்ச் சோறுகூட முழுங்கவில்லை. பதவியே வேண்டாம், பழையபடி நர்சாக இருக்கிறேன் என்று நிர்வாகியிடம் போய் நின்றேன். வேறு ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்கிறார். அவருக்கென்ன, நிதானமாகத் தேடுவார். இங்கே அப்பா பாதியாகிவிட்டார்.

மூக்கு வழியாகக் குழாய் போடவா, இப்படியே விட்டுவிடவா என்று டாக்டர் கேட்கிறார். போட்டால், பிடுங்காமலிருக்க அவர் கையைக் கட்டிலோடு கட்ட வேண்டும். அடுத்தவர் வீட்டு அப்பாக்களுக்கென்றால் இதையெல்லாம் குரல் நடுங்காமல் விளக்குகிறவள் நான். நம் அப்பாவுக்கு என்னால் முடியவில்லை. தம்பி வந்து சொல்வான் என்று சொல்லிவிட்டேன்.

லீவு இல்லை என்று மட்டும் சொல்லாதே. நீ எந்தப் பதிலைச் சொன்னாலும் காலத்துக்கும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும், பத்திரமாக வந்து சேர். நீங்கள் வரும்வரை இருப்பார் என்று எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்வதை உனக்கும் எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா