அக்காவின் டீக்கு யாரும் காசு கட்டக் கூடாது

என் அன்பு அக்காவுக்கு,

அங்கே டீ எப்படி? யாங்கோன் தாமுவே பேட்டைச் சந்தைப் பக்கம் என் டீக்கடையும் அப்படியே இருக்கிறது, ஊர் சொல்லும் குறையும் அப்படியே: "வாசனை இருக்கு, தண்ணியும் நிறைய இருக்கு." பத்தாம் வகுப்பு என்னைத் திரும்பத் திரும்பத் துப்பியது. நீயோ சட்டம் படித்து, கறுப்பு அங்கி போட்டு, நீதிபதி நாற்காலியில் ஏறினாய். இரண்டும் தான் பெற்றதுதானா என்று நம் அம்மாவுக்கே சந்தேகம்.

பதவியேற்ற புதிதில் நீ கடைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? குடித்து எழுந்தபோது பெருமையாகச் சொன்னேன்: "காசு கட்டியாச்சுக்கா. மூலை மேசைக்காரர் உனக்கும் சேர்த்துக் கட்டிட்டுப் போறாரு." தெரிந்தவர் மேசைக்குக் கட்டிவிட்டுச் சொல்லாமல் நழுவுவது யாங்கோனில் மரியாதை. உன் முகம் சுருங்கிவிட்டது.

"யாருடா அவன்?"

அவர் வழக்கு உன் கோர்ட்டில்தான் நடந்துகொண்டிருந்தது. லுங்கியைப் பிடித்துக்கொண்டு, தொப்பை குலுங்க நான் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவந்ததைத் தெருவே பார்த்துச் சிரித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தாய். அந்த வழக்கையும் வேறு நீதிபதிக்கு மாற்ற வைத்தாய். அதன்பின் பதவியில் இருந்தவரை என் கடையில் நீ உட்காரவே இல்லை. பிளாஸ்கில் வீட்டுக்குத்தான் டீ.

ஒரு கோப்பை டீக்கே அப்படி என்றால், தாகேதா பேட்டைப் பையன்கள்மேல் அரசாங்கம் போட்ட வழக்கில் வேறு என்ன செய்திருப்பாய்? சாட்சி யாரும் வரவில்லை. தீர்ப்பு மட்டும் மேலிடத்திலிருந்து முன்கூட்டியே வந்திருந்தது. "சொன்னதை எழுதிட்டுப் போயேன்கா" என்று நானும் கெஞ்சினேன்.

"சொன்னதை எழுத நீயே போதுமேடா. நான் எதுக்கு?"

விடுதலை என்று எழுதினாய். வேலை போயிற்று. மறுநாள் கடைக்கு வந்து ஜன்னல் ஓர மேசையில் உட்கார்ந்தாய். அப்போதும் உன் டீக்கு நீயேதான் காசு கட்டினாய். நோய் வந்து படுக்கும்வரை அதுதான் உன் மேசை.

இப்போது இங்கத்திய செய்தி. உன் முதல் வருஷத் திதிக்குக் கோயிலில் அன்னதானம் வைத்து, உன் பெயரில் ஒரு பலகை மாட்டக் கேட்டேன். எனக்கு 'கோ', அவருக்கு 'ஊ' என்று பர்மிய மரியாதை போட்டே பேசும் கோயில் தலைவர் ஊ மாரிமுத்து பலகை வாசகத்தைப் படித்துப் பார்த்தார்.

"'நீதிபதி'ங்கிறதை மட்டும் அழிச்சிடுங்க, கோ ராஜு. வேலையை விட்டு எடுத்தவங்க. கோயிலுக்கு எதுக்கு வம்பு?"

"அவங்க பேருல சோறு திங்கலாம், செஞ்ச வேலையைச் சொல்லக் கூடாதா?"

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"இல்லாம என்ன? முழங்கால் ஆடுது, பாருங்க. பலகையில எழுத்து ஆடலையே!"

சோறு கோயிலில் போட்டேன். பலகையைத் தூக்கிவந்து கடையில், உன் மேசைக்கு மேலே மாட்டினேன். எழுதியது என் மகள் மாலா. தமிழில் 'நீதிபதி', அதன் கீழே அதையே பர்மிய எழுத்தில் 'தயாதூஜீ'. பர்மிய எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. தமிழ் கொஞ்சம் கோணல். அது தகப்பன் சொத்து.

"அப்பா, போலீஸ் வந்து கேட்டா?"

"டீ கொடும்மா. காசை முதல்ல வாங்கிடு."

திதியன்று பலகைக்குக் கீழே, பாலும் இனிப்பும் தூக்கலாக நீ கேட்கும் சோசெய்ன் டீ ஒன்று வைத்தேன். அந்தத் தாகேதா பையன்களில் ஒருவனின் அம்மா வந்திருந்தார். தன் டீயைக் குடித்துவிட்டுக் காசை நீட்டினார்.

"அவங்க டீக்கும் சேர்த்து எடுத்துக்கோங்க."

"அந்த மேசைக்கு யாரும் கட்டக் கூடாதும்மா."

"இப்பத்தான் அவங்க நாற்காலியில இல்லையே, கோ ராஜு. இப்பவாவது விடுங்களேன்."

என் கை பாதி நீண்டுவிட்டது, அக்கா. வாங்கியிருந்தால், நீ நீதிபதி இல்லை என்று நானும் ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்காதா?

"இல்லம்மா," என்றேன். "அவங்க இன்னும் தயாதூஜீதான்."

கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா காசை மடித்து முந்திக்குள் வைத்துக்கொண்டு, பலகையைப் பார்த்துக் கும்பிட்டார்.

இந்தப் பலகையை எவன் கழற்றினாலும் மறுநாள் இன்னொன்று ஏறும், கோணல் தமிழோடு. உன் மேசை டீக்கு எவன் காசு கட்டிவிட்டு நழுவினாலும் விடமாட்டேன்.

தெருமுனை வரை துரத்திப் பிடிக்க இன்னும் தெம்புள்ள,
உன் தொப்பைத் தம்பி
ராஜு